ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. கம்பெனியில் இருந்தபோது இதற்காகவே பலபேர் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். வயதானால் போய்விடும் என்று நினைத்தேன். நல்லூர் மரகதம் முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை எனக்கு வேறு என்ன வேலை?

பெயர் ஆத்தப்பன், ஊர் வீரபாண்டி. முப்பத்தோரு வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி போன பிறகு மகன் வீட்டில் ஒரு வருடம் இருந்து பார்த்தேன். மருமகளுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. தப்பு பாதி என்னுடையது. பாதிக்கு மேலே என்றுகூடச் சொல்லலாம். 2006 ஆவணியில் யாரும் சொல்லாமல் நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். என் கதை இதோடு போதும். சொல்ல வந்தது கருத்தம்மாவைப் பற்றி.

இல்லத்தில் எங்களைப் பார்த்துக்கொள்ள இருந்த இரண்டு பெண்களில் அவள் ஒருத்தி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். நான் வந்த முதல் நாள் மாலை என் முன்னால் மூன்று தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்றிலும் கால் தம்ளர் டீ. ஒன்றில் சர்க்கரை இல்லை, ஒன்றில் அரைக் கரண்டி, மற்றொன்று நாக்கைச் சுண்டுகிற கடும் டிக்காஷன். குடித்துப் பார்த்து எது வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது. டீ குடிக்கக்கூட இங்கே பரீட்சை வைக்கிறீர்களா என்று கேட்டேன். அவள் அசரவில்லை.

"சாம்பிளுங்கய்யா. நீங்க ஓகே சொன்னாத்தான் நாளையிலருந்து பல்க்கு," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனியன் கம்பெனி வாசனை படாதவர்களுக்கு இது புரியாது. வெளிநாட்டிலிருந்து பத்தாயிரம் பனியனுக்கு ஆர்டர் வந்தால் நாங்கள் உடனே பத்தாயிரத்தையும் தைத்துவிட மாட்டோம். முதலில் ஒரே ஒரு பீஸ் தைத்து வாங்குகிறவனுக்கு அனுப்புவோம். அவன் போட்டுப் பார்த்து, கழுத்தைக் குறை, கையை நீட்டு என்று எழுதி அனுப்புவான். மறுபடி தைத்து அனுப்புவோம். அவன் சரி என்று டிக் போட்டு அனுப்பிய பிறகுதான் பல்க் என்கிற மொத்த வேலை. டிக் வராமல் துணியில் கத்தி வைக்கக் கூடாது. நான் ஒரே ஒரு தடவை வைத்தேன். அவசரம், கப்பல் போய்விடும் என்று முதலாளி துரத்தினார். நாலாயிரம் பீஸ் வெட்டி முடித்த மறுநாள், கழுத்து ஒரு சென்டிமீட்டர் அதிகம் என்று பதில் வந்தது. வெட்டின துணியை என்ன செய்ய முடியும்? அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

கருத்தம்மா அப்படி சாம்பிள் தைக்கிற டெய்லராகத்தான் ஒன்பது வருடம் இருந்திருக்கிறாள். கல்யாணமான கையோடு கணவனுடன் திருப்பூருக்கு வந்து, டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்து, செக்கிங் பார்த்து, பிறகு மெஷினில் உட்கார்ந்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், கம்பெனிப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனி முதலாளி பிரபாகர்தான் தன் அம்மா பெயரில் இந்த இல்லத்தை நடத்துகிறார். 2005 தொடக்கத்தில் அவளை இங்கே அனுப்பிவைத்தார். மெஷினை விட்டுவிட்டு வந்தாளே தவிர, அந்த வழக்கத்தை அவள் விடவில்லை. இதையெல்லாம் நான் நான்கே நாளில் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் புரியாதது சமையல்கட்டுச் சுவர்தான். அங்கே வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணியிலும் நூல் கட்டிய அட்டைகள் தொங்கின. புதுப் பனியனில் கம்பெனி பெயர் போட்டுத் தொங்கவிடுவோமே, அந்த அட்டை. அச்சு சரியில்லாமல் கழித்துப் போட்டதை மூட்டையாக வாங்கி வந்திருந்தாள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் நீல ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள். ஆளுக்கு நான்கைந்து அட்டைகள். என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எனக்கு இரண்டு நாள் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

நல்லான் என்று ஒருவர் இருந்தார், மூலனூர்க்காரர். அவர் அட்டையில், "குளியல்: சாப்பிட்ட பிறகு. விடியக்காலை எழுப்பக் கூடாது. சந்தை நாளில் முருங்கைக்காய் விலையைப் பேப்பரில் பார்த்துச் சொல்லணும்" என்று இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக். அது கருத்தம்மா போட்டதல்ல, நல்லானே போட்டது. கோணல்மாணலாக இருந்ததிலேயே தெரிந்தது. அவள் எழுதிக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவாளாம். ஆமாம் என்றால் பேனாவை அவர் கையில் கொடுப்பாளாம். எழுதத் தெரியாதவர்கள்கூட ஒரு கோட்டை இழுத்துவிடுவார்கள். மனது மாறினால் அடித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம்.

என் அட்டையையும் தேடிப் பார்த்தேன். டீ ஆறக் கூடாது, பேப்பர் முதலில் மாஸ்டருக்கு என்றெல்லாம் இருந்தது. கடைசியில், "கோபம் வந்தால் பத்து நிமிஷம் தனியா விடணும்" என்று ஒரு வரி. எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். இன்னும் உங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை அய்யா, டிக்கும் போடவில்லை பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பேனாவைக் கொடுத்தாள். வாயை மூடிக்கொண்டு டிக் போட்டேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், கேட்காமல் எதையும் செய்யாதவள் என்றுதான் எல்லோரும் அவளை நினைத்திருந்தோம். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சென்னம்மாளை இப்போது சொல்லிவிடுகிறேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. காங்கயம் பக்கம் தோட்டங்காட்டில் பாடுபட்டவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் 2005 கடைசியில் கொண்டுவந்து சேர்த்தான். பேச்சும் முதலில் அடியோடு நின்றிருந்து, பிறகு மெல்லத் திரும்பியதாம். ஆனால் ஒரு வாக்கியம் வெளியே வர அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம் ஆகும். முதலில் உதடு அசையும். இடது கை சக்கர நாற்காலியின் கம்பியைத் தட்டும். பிறகு ஒரு சொல், ஓர் இடைவெளி, இன்னொரு சொல். அதற்குள் எதிரில் இருப்பவர், காபி வேணுமா, கால் வலிக்குதா, மகனுக்குப் போன் போடணுமா என்று தாமே நாலு கேள்வி கேட்டு, தாமே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

அந்த வயதிலும் அவருக்கு முடி இடுப்புக்குக் கீழே இருந்தது. நரைத்திருந்தாலும் அடர்த்தி குறையவில்லை. தினமும் காலை எட்டு மணிக்குக் கருத்தம்மா நாற்காலியை முன்வராந்தா வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வருவாள். சிக்கெடுத்து, செவ்வாய் வெள்ளியில் எண்ணெயும் தடவி, சடை பின்னி, நுனியில் கறுப்பு நாடா முடிவாள். நான் பேப்பர் படிக்கிற பாவனையில் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதவள் அந்த முடிக்கு அரைமணி நேரம் கொடுப்பாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அவள் அம்மா சாகக் கிடந்தபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பார்த்துக்கொள்ளச் சிரமம் என்று முடியை ஒட்ட வெட்டிவிட்டார்களாம். கருத்தம்மா டீ வாங்கப் போயிருந்தாளாம். திரும்பி வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாளாம். அதற்குப் பிறகு அந்த அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இதைச் சொல்லும்போதும் கருத்தம்மா பின்னுவதை நிறுத்தவில்லை.

2007 சித்திரையில் வெயில் கொளுத்தியது. தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. பெண்கள் கூடத்தில் பேன் பரவிவிட்டது. பிரபாகர் புதன்கிழமைதோறும் வருவார். நாற்பத்திரண்டு வயது, நல்ல மனிதர், எதிலும் வேகம். பேனைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். தாமே தலை வாரிக்கொள்ள முடியாத பெண்களுக்கு இனிமேல் கிராப். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவெட்டுகிறவர் வருவார். அப்படிப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு முடி கொட்டிப்போய்க் கைப்பிடியளவுகூட இல்லை. அரிப்புத் தாங்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். மிச்சம் சென்னம்மாள்தான்.

கருத்தம்மா சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த முடியில் கத்தரி பட்டால் மறுநாள் நான் வேலைக்கு வரமாட்டேன் என்று பிரபாகரிடம் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பேன் பிடித்து எல்லோரும் சொறிந்துகொண்டு கிடக்க வேண்டுமா, தண்ணீர் எங்கே இருக்கிறது, அரைமணி நேரத்தை ஒருத்தர் தலைக்குக் கொடுத்தால் மற்றவர்களை யார் பார்ப்பது என்று கேட்டார். ஒன்றும் நியாயமில்லாத கேள்வியல்ல. பேனை நான் ஒழிக்கிறேன், வேப்பெண்ணெய் போதும், என் சொந்த நேரத்தில் வந்து செய்கிறேன் என்றாள் இவள். கடைசியில் அவர், வருவதும் வராததும் உங்கள் இஷ்டம், சனிக்கிழமை வேலை நடக்கும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். இத்தனைக்கும் சென்னம்மாள் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கை கம்பியைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

வியாழக்கிழமை முழுக்க இல்லத்தில் இதே பேச்சு. நான் கருத்தம்மா கட்சி. முடியை வெட்டினால் நானும் சாப்பிட மாட்டேன் என்று நல்லானிடம் சவடால் பேசினேன். அவர், பார்ப்போம், மத்தியானம் அவியல் என்றார். வெளியே சிரித்தாலும் எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. கருத்தம்மா போய்விட்டால் இந்த இல்லம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே டீ, ஒரே நேரம், ஒரே குளியல். நல்லானை ஐந்து மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டுவார்கள். அவளுக்கோ மூச்சு இழுப்பு. இந்த வேலையை விட்டால் மறுபடி பஞ்சுத் தூசிக்குத்தான் போக வேண்டும். ஒரு தலைமுடியில் இவ்வளவும் மாட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரபாகரிடம் காட்டிச் சண்டை போட ஒரு ஆதாரம் வேண்டும் என்று தோன்றியது. சென்னம்மாள் தம் கையால் டிக் போட்ட அட்டை இருக்குமே, அதை எடுத்து நீட்டலாம் என்று சமையல்கட்டுக்குப் போனேன். ஐந்து அட்டைகள் இருந்தன. "இட்லியைப் பிட்டு வைக்கணும், ஊட்டக் கூடாது." பக்கத்தில் இடது கையால் போட்ட நடுங்கின டிக். "நாற்காலி ரோட்டைப் பார்த்து இருக்கணும்." டிக். "மகன் போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போடக் கூடாது." அதற்கும் டிக். கடைசி அட்டையில், "தலை: செவ்வாய், வெள்ளி எண்ணெய். ஒற்றைச் சடை. கறுப்பு நாடா. யாரையும் வெட்ட விடக் கூடாது" என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். டிக் இல்லை.

கருத்தம்மா பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் முன்னால் நீட்டினேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மத்த எல்லாத்தையும் கேட்டேனய்யா," என்றாள். "இத மட்டும் கேக்கவே இல்ல. எங்காத்தாள நெனச்சுக்கிட்டு நானே எழுதிட்டேன். சாம்பிளு அனுப்பாம கட்டிங் போட்டுட்டேன்."

எனக்கு அந்த நாலாயிரம் பீஸ் ஞாபகம் வந்தது. இந்தத் தப்பு யாருக்கும் வரும், எனக்கே வந்தது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இப்போதே போய்க் கேட்டுவிடலாம், எழுந்திரு என்றேன்.

சென்னம்மாள் விழித்துத்தான் இருந்தார். கருத்தம்மா அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் வாசல்படியில் நின்றுகொண்டேன். பெண்கள் கூடம், ஆண்கள் உள்ளே போகக் கூடாத இடம். ஆனால் போகவும் மனம் வரவில்லை. கருத்தம்மா கேள்வியை நிதானமாகக் கேட்டாள். இந்த முடியை என்ன செய்யட்டும் ஆத்தா, வைக்கட்டுமா, எடுக்கட்டுமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றாள். கேட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

உதடு அசைந்தது. கை கம்பியைத் தட்டியது. எனக்கு நடுவில் புகுந்து ஏதாவது சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. கருத்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பழனிக்கு..." என்றார் சென்னம்மாள். நெடுநேரம் கழித்து, "நேந்துக்கிட்டனுங்க," என்றார். மறுபடி கம்பியில் தட்டு. "வாயி... அடைச்சுக் கெடந்தப்ப. பேச்சு வந்தா... முடி... குடுக்கறேன்னு."

பேச்சு திரும்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முருகனுக்குக் கொடுக்க வேண்டிய முடிக்குக் கருத்தம்மா அத்தனை நாளாக எண்ணெய் தடவிச் சடை பின்னிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் ஆத்தா இத்தனை நாள் சொல்லவில்லை என்று மெல்லக் கேட்டாள்.

இந்தத் தடவை பதில் கொஞ்சம் சீக்கிரமே வந்தது. "சொல்லறக்குள்ள... போயர்றீங்க, கண்ணு."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. முகத்தில் லேசான சிரிப்புகூட இருந்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஊரில் யார் என்ன செய்கிறார் என்று துருவித் துருவிக் கேட்கிறவன், பத்தடி தூரத்தில் ஒருவர் இத்தனை மாதமாகச் சொல்ல முயன்றதைக் கேட்கவில்லை. கேள்வி கேட்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை பத்து மணிக்கு முடிவெட்டுகிறவர் பையோடு வந்துவிட்டார். பின்னாலேயே பிரபாகரும் வந்தார். கருத்தம்மா சண்டைக்கு நிற்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும், நடையிலேயே தெரிந்தது. அவளோ நடந்ததை நடந்தபடி சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து. பிரபாகர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் பிரச்சினையே இல்லையே என்றார். எப்படியும் எடுக்கப்போகிற முடி. இங்கேயே எடுத்துவிடலாம். முடியை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தால், செவ்வாய்க்கிழமை பழனி போகிற மேனேஜரிடம் கொடுத்து உண்டியலில் போடச் சொல்கிறேன் என்றார். அவர் மனதார ஒரு நல்ல யோசனை சொல்வதாகத்தான் நினைத்தார். சரக்கைக் கட்டி அனுப்பியே பழகினவருக்கு எல்லாமே பார்சலாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டது. கருத்தம்மா பிரபாகரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் சார் என்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சென்னம்மாளைப் பார்த்தார். முடிவெட்டுகிறவரும் பையைத் திறந்தபடியே நின்றார்.

"அது... ஆகாதுங்க," என்றார் சென்னம்மாள்.

பிரபாகர் கொங்கு நாட்டுப் பிள்ளை. வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காலில் கொப்புளம் வெடிக்கப் பழனிக்கு நடக்கிறவர். அதற்கு மேல் அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேர்ந்த முடியை நேரில் போய்த்தான் இறக்க வேண்டும். பிறகு, கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் மகனைக் கேட்டு ஒரு லெட்டர் வாங்க வேண்டும், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் எனக்குப் பொல்லாப்பு என்றார்.

"முடி அவுங்க மகன் தலையிலயா சார் இருக்கு?" என்றாள் கருத்தம்மா.

நான் சிரித்துவிட்டேன். பிரபாகரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மகனுக்குத் தகவல் சொல்வது, அனுமதி கேட்பதில்லை என்று முடிவாயிற்று. டாக்டரிடம் போனில் கேட்டதில், மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட்டால் சரி என்றார். தையல்காரர்களை ஏற்றி இறக்குகிற கம்பெனி வேன் ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும். அதை அனுப்புவதாகப் பிரபாகர் சொன்னார். முடிவெட்டுகிறவருக்கு அன்றைக்கு அரிப்புத் தாங்காத அந்த அம்மாளின் தலையும் என் தலையும்தான் கிடைத்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். சென்னம்மாள், கருத்தம்மா, டிரைவர், நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நாற்காலியைத் தூக்கிவைக்க ஆள் வேண்டும் என்று நானே ஏறிக்கொண்டேன். தாராபுரம் தாண்டும்வரை சென்னம்மாள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரிடத்தில் ஜன்னல் கம்பியைத் தட்டினார். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு மூன்று பேரும் காத்திருந்தோம். இளநீர் வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தோம்.

அடிவாரத்தில் முடி இறக்குகிற கொட்டகையில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தது. நாவிதர் கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே, "முழுசா எடுக்கறதா, பூமுடியா?" என்று கருத்தம்மாவைப் பார்த்துக் கேட்டார். பெண்கள் பெரும்பாலும் பூமுடிதான் கொடுப்பார்கள்; நுனியில் மூன்று கத்தரிப்பு, அதோடு நேர்ச்சை தீர்ந்தது. கருத்தம்மா ஒரு நொடி சடையைப் பார்த்தாள். பூமுடி என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை முடியும் மிஞ்சும். அவள் மனதில் அந்த நொடி என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், என் மனதிலும் அதுதான் ஓடியது.

"என்னைக் கேக்காதீங்கய்யா. அவுங்களக் கேளுங்க," என்றாள்.

அவர் குனிந்து சென்னம்மாளைக் கேட்டார். உதடு அசைந்தது, கை தட்டியது. பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு குழந்தை அழுதது. சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க என்று ஓர் ஆள் குரல் கொடுத்தான். நான் திரும்பி நின்று அவனை முறைத்தேன். கட்டிங் டேபிளில் முப்பத்தோரு வருடம் முறைத்துப் பழகிய கண். அவன் அடங்கிவிட்டான்.

"முழுசா," என்றார் சென்னம்மாள்.

நாவிதர் தண்ணீர் தெளித்து, கத்தியை வைத்தார். கருத்தம்மா சடையைப் பிரித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். தான் வளர்த்த முடி அவள் கையிலேயே கொத்துக்கொத்தாக விழுந்தது. அவள் அழுதாள். மறைக்கவும் இல்லை. சென்னம்மாள் அழவில்லை. எல்லாம் முடிந்து சந்தனம் பூசியதும் இடது கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தார். பின்னந்தலை, உச்சி, காதோரம் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. புதனன்று பிரபாகர் சொன்னபடி நடந்திருந்தாலும் இதே முடிதான் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் இந்தச் சிரிப்பு இருந்திருக்காது. விஞ்சில் மேலே ஏற்றிச் சாமி கும்பிட வைத்து, ஒரு மணிக்கெல்லாம் நல்லூர் திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு இல்லத்தில் ஒரு வழக்கம் வந்தது. சென்னம்மாள் கம்பியைத் தட்டினால் யாராக இருந்தாலும் நின்றுவிட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. குளிக்கப் போகிற நல்லான் துண்டோடு நிற்பார். காத்திருந்து கேட்டபோதுதான் அந்த அம்மாளுக்கு எத்தனை கேலி தெரியும் என்று தெரிந்தது. என்னைப் பார்த்து, பேப்பர் தலைகீழாக இருக்கிறது என்று மூன்று நிமிடம் எடுத்துச் சொன்னார். நிஜமாகவே தலைகீழாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை பிரபாகர் வந்தார். சென்னம்மாளுக்கு முடி நான்கு விரற்கடை அளவு வெள்ளையாக வளர்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இப்படியே மாதம் ஒருமுறை வெட்டிவிட்டால் பேனும் வராது, உங்களுக்கும் சுகம், என்னங்க பெரியம்மா என்று கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டதும் நின்றார். திரும்பி வந்து எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் செல்போன் அடித்தது. பார்த்தார், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. கருத்தம்மா கதவருகில் நின்றாள். நான் வாசல்படியை விட்டு நகரவில்லை.

"நேத்திக்கடன்... தீந்துதுங்க," என்றார் சென்னம்மாள். "இது... என்ற முடி. நீளமா... வளத்தோணுங்க."

பிரபாகர் செல்போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரிங்க பெரியம்மா," என்றார்.